வண்டிக்குத் தெரியாமல்

கடலூரில் புறப்பட்ட சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு மாமாவும் அவருடைய மச்சானும். மாமா சிதம்பரத்தில் யாரோ விற்கிற பெரிய மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போகிறார் என்பது ஆலப்பாக்கம் வருவதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க வண்டியிலயே போயிருக்கலாமே மாமா. பஸ்ஸு எதுக்கு?"

"அதுல ஏறிப் போயா இன்னொண்ணப் பாக்குறது? அதுக்கு எப்படி இருக்கும்?"

மச்சான் அவர் பக்கம் திரும்பினான்.

"அப்ப அதுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் சொல்லல. துணியப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. பாத்திருந்தா எங்க போறீங்கன்னு கேட்டிருக்கும்."

"கிண்டல் பண்ணாத மச்சான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின மொத வண்டி. ஒரு நாளும் என்ன நடுரோட்டுல உட்டதில்ல. இப்ப உங்கக்கா, ரெண்டு புள்ளைங்க, நானுன்னு ஏறினா பாவம், இழுக்க மாட்டேங்குது."

"தெரியும் மாமா. ஆயுத பூஜைக்கு அதுக்கு மால போட்டுட்டு, மீந்த பூவத்தான எங்கக்காவுக்குக் குடுத்தீங்க."

மாமா டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆக, பெரிய வண்டி எங்கக்காவுக்காகத்தான்?"

"பின்ன?"

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்கக்காகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல வண்டிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."