அமைதி ஜெபம்

"நான் பேசாமத்தான் இருந்தேன். அவுகளே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாக."

கிடர்பூர் துறைமுக நிறுத்தத்தில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். இதைச் சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். பஸ்ஸில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் உரக்கவே சொன்னார்.

"அண்ணாச்சியா? என்னத்தக்கா ஒத்துக்கிட்டாக?" என்றார் இளையவர்.

"பாஸ்டர் சொன்னாருல்லா, தினமும் கொஞ்ச நேரம் ஆண்டவர் முன்னால வாயத் தொறக்காம இருங்கன்னு. நானும் காலையில காப்பியக் குடுத்துட்டு, ஜன்னல் பக்கம் பேசாம உக்காந்தேன். இவுக நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுட்டாக. ரெண்டு நாளு திருதிருன்னு முழிச்சாக. மூணாம் நாளு பக்கத்துல வந்து, 'தெரிஞ்சுபோச்சா? மன்னிச்சுரு'ங்காக."

"எதுக்காம்?"

"தூத்துக்குடி துறைமுகத்துக்கு மாத்தல் வந்திருக்கு. இவுகதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காக. அங்க போனா எங்கம்மா வீடு பக்கமாயிருமாம்!"

"ஐயோ! ஊருக்குப் போகணும்னு எத்தனை வருசமா உபவாசம் இருந்திய!"

"அதான!"

"அப்ப அமைதி ஜெபம்?"

"எங்க? அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல கீழ் வீட்டு பெங்காலிக்காரி மேல ஏறி வந்துட்டா. வாசல்ல நின்னு, 'இன்னைக்கு உங்க ப்ரேயர் ரொம்ப நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டுப் போறா."