தொட்டி மறைத்த வெயில்

வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில், வெயில் அளக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் பக்கத்திலிருந்த லாட்ஜ்காரரிடம் சொன்னார்:

“பாய், உங்க புதுத் தண்ணித்தொட்டி எங்க வெயிலத் திங்குது.”

“என்னம்மா சொல்றீங்க?”

“காலையில அதோட நெழலு எங்க கருவி மேல விழுகுதுங்க. வருஷக்கணக்கா அளந்துட்டு வர்றோம். இப்ப வெயிலு கொறஞ்ச மாதிரி காட்டுது.”

“கொஞ்ச நேர நெழல்தானம்மா? பின்னாடி அந்தக் கணக்கப் பாக்குறவங்களுக்கு அது தொட்டின்னு தெரியவா போகுது?”

“தெரியாதுங்க பாய். வானமே மாறிருச்சுன்னு நெனப்பாங்க.”

லாட்ஜ்காரர் கைபேசியை எடுத்தார்.

“கொத்தனாரே, வெரசா வாங்க. தொட்டிய எடம் மாத்தணும். இல்லல்ல, ஒழுகல. நல்லாத்தான் கெடக்கு. வெயில மறைக்குதாம்.”