கொழும்புக் கப்பலில் வந்த வாக்கு

நாடு விடுதலை பெற்றபின் இரண்டாம் ஆண்டில் கொழும்பிலிருந்து கப்பலில் திரும்பி, தூத்துக்குடிச் சுங்கச் சாவடியின் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மையார் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர். அவரை அழைத்துச் செல்ல வந்த தம்பியும் தம்பி மனைவியும் கம்பி வேலிக்கு அப்பால் காத்திருந்தனர். அவர்களை நோக்கி அம்மையார் உரத்துக் கூறினார்:

“ஓட்டுப் போட்டு எனக்கு நல்ல பழக்கம், ஏளா. போடத்தான் ஒரு நாடு இல்ல!”

“என்ன மதினி ஆச்சு? ‘எனக்கு ஓட்டு உண்டு, உனக்கு உண்டா’ன்னு வரும்போதெல்லாம் என்னைக் கேலி பண்ணுவியளே!”

“அங்க இந்தியாக்காரிக்கு இனிமே ஓட்டு கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டான். கொழுந்து கிள்ள மட்டும் நம்ம கை வேணுமாம்.”

“இங்க இப்ப எல்லாப் பொம்பளையளுக்கும் உண்டு மதினி. படிப்பும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். ஓட்டுக்குப் பேரு எழுத நாளைக்கு நம்ம தெருவுக்கு வாராவ.”

“அதுக்குத்தானே அடிச்சுப் பிடிச்சு இந்தக் கப்பல்ல ஏறுனேன்! என் பேரையும் எழுதுவாவளா?”

“மதினி இனிமே எங்க வீட்டுலதான்னு நானே வாசல்ல நின்னு சொல்லுதேன். எழுதாம அந்தத் தெருவத் தாண்டிருவாவளா?”

அம்மையார் தம் மூட்டையின் மேலேயே அமர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சரி, நீ யாருக்குப் போடுவ?”

“நீங்க யாரு வேண்டாம்ங்கியளோ, அவருக்கு.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்குமாறு இருவரும் நகைத்தனர். தம்பி வேலியருகே வந்து மெல்லக் கேட்டார்:

“அக்கா, அப்ப நான் யாருக்குப் போட?”

“ஏலே, இத்தனை நாளும் எங்களுக்கெல்லாம் சேத்து நீதானே யோசிச்ச? இந்த ஒரு தடவை உனக்கு மட்டும் யோசி!”