திரைக்கு அந்தப் பக்கம் எட்டாம் நம்பர்

மேனேஜர்: "...ஆகவே, இந்தக் குடைத் தொழிற்சாலையில் ரத்தத்துக்கு மதிப்பில்லை, திறமைக்கே மதிப்பு. பிறப்பால் இங்கே எவரும் உயர்ந்தவரில்லை. என் சொந்த மகனே வந்தாலும் அவன் ஒரு நம்பர்தான். அவனும் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். இப்படிக்கு, முதலாளி." காதுல விழுந்துச்சா எட்டாம் நம்பர்?

எட்டாம் நம்பர்: விழுந்துச்சு சார். ஒரு சந்தேகம்... இந்தத் திரை, முதலாளி வீட்டு மாடி ஜன்னல்ல தொங்கினதுதானே?

மேனேஜர்: விற்பனை மேலாளர் வேலைக்கு வந்தியா, துணிக்கடைக்கு வந்தியா? கேட்ட கேள்விக்கு மட்டும்... உனக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் நம்பர்: கீழ் ஓரத்துல பூனை பிறாண்டின கிழிசல் இருக்கும். பாருங்களேன்.

மேனேஜர்: ...இருக்கு.

எட்டாம் நம்பர்: ரொம்பச் சேட்டைக்காரப் பூனை சார் அது.

மேனேஜர்: ஆமாமா... அது வந்து... இப்ப நான் "வந்தியா"ன்னா கேட்டேன்? "வந்தீங்களா"ன்னுதான் வாயில வந்துச்சு. திரை தடுத்துடுச்சு. ஃபேன் காத்து உங்க பக்கம் வருதா?

எட்டாம் நம்பர்: வரல சார்.

மேனேஜர்: திருப்பிட்டேன். இப்ப?

எட்டாம் நம்பர்: இப்ப உங்களுக்கு வியர்க்குமே.

மேனேஜர்: எனக்கு வியர்த்தா என்ன, வியர்க்கத்தானே சம்பளம்! அப்புறம்... வீடு பக்கத்துலயோ?

எட்டாம் நம்பர்: பேர், ஊர், குடும்பம் எதையும் கேட்கக் கூடாதுன்னு விதி இருக்கே சார்.

மேனேஜர்: யாரு குடும்பத்தைக் கேட்டா? நேரத்துக்கு வேலைக்கு வர முடியுமான்னு தெரியணும்ல?

எட்டாம் நம்பர்: அப்படின்னா சரி. இந்த வளாகத்துக்குள்ளேயேதான் வீடு.

மேனேஜர்: வளாகத்துக்குள்ள... இருக்கிறதே ஒரே ஒரு வீடு!

எட்டாம் நம்பர்: சார்?

மேனேஜர்: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அப்பா... சௌக்கியமா இருக்காரா? சும்மா, மனுஷனுக்கு மனுஷன் கேட்கிறதுதான்.

எட்டாம் நம்பர்: இருக்காரு. அவரு எழுந்து வந்தாத்தான் காலையில கேட்டே திறக்கும்.

மேனேஜர்: பின்னே? தெய்வம் மாதிரி ஆளு! சரி, விதின்னா விதி. ஓரவஞ்சனையே கிடையாது. முதல் கேள்வி. மழையே பெய்யாத ஊர்ல குடையை எப்படி விப்பீங்க?

எட்டாம் நம்பர்: வெயிலுக்கு விப்பேன்.

மேனேஜர்: ஆஹா... ஆஹாஹா! என்ன ஒரு தெளிவு!

எட்டாம் நம்பர்: எல்லாரும் சொல்றதுதானே சார்?

மேனேஜர்: அங்கதான் தப்பு பண்றீங்க. காலையில மூணாம் நம்பர்னு ஒருத்தன் வந்தான். இதே வார்த்தையைத்தான் சொன்னான். ஆனா அவன் சொன்னப்ப அதுல ஆழமே இல்ல. "பால் குடிக்கிற புள்ளகூட இதைச் சொல்லும், போடா"ன்னு அனுப்பிட்டேன்.

எட்டாம் நம்பர்: பாவம் சார்.

மேனேஜர்: பாவம் பார்த்தா கம்பெனி நடத்த முடியுமா? அடுத்தது. படிச்சு முடிச்சதும் என்ன பண்ணீங்க?

எட்டாம் நம்பர்: ரெண்டு வருஷம் சும்மா இருந்தேன்.

மேனேஜர்: பிரமாதம்.

எட்டாம் நம்பர்: சும்மா இருந்ததா?

மேனேஜர்: சும்மா இருக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? தன்னைத்தானே தேடி இருக்கீங்க! மூணாம் நம்பரும் ரெண்டு வருஷம் சும்மாதான் இருந்தானாம். அது சோம்பேறித்தனம். கேட்டதுமே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எட்டாம் நம்பர்: வித்தியாசம் எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?

மேனேஜர்: அனுபவம். கடைசிக் கேள்வி. எதுலயாவது தோத்திருக்கீங்களா?

எட்டாம் நம்பர்: தெருமுனையில ஒரு குடைக்கடை போட்டேன். நாலே மாசத்துல இழுத்து மூடிட்டேன்.

மேனேஜர்: நாலே மாசத்துல பாடம் படிச்சிட்டீங்கன்னு சொல்லுங்க! சிலருக்கு நாப்பது வருஷம் ஆகும். போதும், இதுக்கு மேல கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம்.

எட்டாம் நம்பர்: அவ்வளவுதானா மாமா... ஐயோ, மன்னிச்சிடுங்க சார், வாய் தவறி...

மேனேஜர்: ...என்ன கூப்பிட்டீங்க?

எட்டாம் நம்பர்: உறவு சொல்லக் கூடாதுல்ல. மறந்துட்டேன்.

மேனேஜர்: பரவாயில்ல... பரவாயில்ல. அந்த வாயால... ம். இன்னொரு தடவை கூப்பிடுங்களேன்... வேணாம், விதி இருக்கு. இருங்க, சூட்டோட சூடா போனையும் போட்டுடறேன். ...ஹலோ, ஐயா? நான்தாங்கையா. எடுத்தாச்சு. எட்டாம் நம்பர். ...ஐயோ, முகமா? சத்தியமா பார்க்கலைங்க. திறமைங்கையா, முழுக்க முழுக்கத் திறமை. ...அறிவிச்சுட்டீங்களா? எல்லாருக்குமா? ஸ்பீக்கர்லயா? ரொம்ப சந்தோஷங்கையா!

எட்டாம் நம்பர்: வேலை எனக்குத்தானே? இனிமே மாறாதே?

மேனேஜர்: ஐயாவே அறிவிச்சாச்சு, இனி எங்க மாறும்? வாங்க, திரையை விலக்குங்க... இதுவரைக்கும் பார்க்காத சின்ன முதலாளி முகத்தைக் கண் குளிரப் பார்த்து... டேய்!

எட்டாம் நம்பர்: வணக்கம் சார்.

மேனேஜர்: நீ... நீ பேக்கிங்ல லேபிள் ஒட்டுறவன்! வாட்ச்மேன் மகன்!

எட்டாம் நம்பர்: ஆமா சார். காலையில மூணாம் நம்பரும் நான்தான்.

மேனேஜர்: பொய்! அவன் குரல் வேற!

எட்டாம் நம்பர்: அது பயந்த குரல் சார். இது பயப்படாத குரல். மத்தபடி ஒரே தொண்டைதான்.

மேனேஜர்: வளாகத்துக்குள்ள வீடுன்னு சொன்னியேடா!

எட்டாம் நம்பர்: கேட்டை ஒட்டி ஒண்ணு இருக்கே சார். தினம் அதைத் தாண்டித்தானே உள்ள வர்றீங்க?

மேனேஜர்: அதெல்லாம் வீடா... திரை? பூனை?

எட்டாம் நம்பர்: திரையைக் கழட்டி, துவைச்சு, இங்க கொண்டு வந்து மாட்டினது நானும் அப்பாவும். பூனையும் என்னை ஒருதடவை பிறாண்டியிருக்கு.

மேனேஜர்: ஒரே ஆள் ரெண்டு தடவை வர்றது மோசடி!

எட்டாம் நம்பர்: விதியில அப்படி எங்கயும் இல்லையே. முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னுதான் இருக்கு.

மேனேஜர்: இரு, இரு... அப்ப சின்ன முதலாளி எங்க? இன்னும் வரலையா?

எட்டாம் நம்பர்: வந்துட்டுப் போயிட்டாரு. அஞ்சாம் நம்பர்.

மேனேஜர்: அஞ்சு... அந்தத் திக்குவாயா? "உன்னையெல்லாம் யாருடா பெத்தா"ன்னு கேட்டேனே!

எட்டாம் நம்பர்: அவருக்குக் கோபமே இல்ல சார். வெளிய வந்து, "அப்பா சொன்னது நிஜம்தான், இங்க நியாயம் நடக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறினாரு.

மேனேஜர்: சிரிச்சாரா?

எட்டாம் நம்பர்: அவருக்கென்ன சார்? வேலை கிடைக்கலைன்னா கம்பெனி கிடைக்கும். எனக்கு இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. அப்பாவுக்கும் வயசாச்சு, அனுப்பப் போறாங்க. நீங்க வீடில்லைன்னு சொன்னீங்களே, அந்த வீட்டையும் காலி பண்ணணும். நான் தோத்தா சிரிச்சுக்கிட்டே ஏற கார் இல்ல.

மேனேஜர்: இந்தக் கதையெல்லாம் வேணாம். இப்பவே ஐயாவுக்குப் போன் போடறேன்!

எட்டாம் நம்பர்: போடுங்க. என்னன்னு சொல்வீங்க? "இவனை உங்க மகன்னு நினைச்சு எடுத்துட்டேன், உங்க மகனை எவனோன்னு நினைச்சுத் துரத்திட்டேன்"னா? அட, போனைக் கீழ வச்சிட்டீங்களே?

மேனேஜர்: கை வியர்க்குது.

எட்டாம் நம்பர்: நீங்க ஏன் சார் பயப்படறீங்க? நீங்கதான் முதலாளியம்மாவோட தம்பி, முதலாளிக்கு மச்சானாச்சே. இன்னைக்குத் திட்டினா நாளைக்கு ஒரே பந்தியில உக்காரப் போறீங்க.

மேனேஜர்: யாரு சொன்னா?

எட்டாம் நம்பர்: கம்பெனி முழுக்கத் தெரியுமே. அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே பழைய மேனேஜர், உங்களுக்கு மேல இருந்த நாலு பேரைத் தாண்டி, இந்த நாற்காலியை உங்களுக்குக் கொடுத்துட்டுப் போனாரு? ஸ்டோர்ல இருந்து கேன்டீன் வரைக்கும் உங்களைப் பார்த்து எழுந்து நிக்கிறதே அதுக்குத்தான்.

மேனேஜர்: நான் என் வாயால எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?

எட்டாம் நம்பர்: இல்ல சார். நானும்தான் எதையும் என் வாயால சொல்லல.

மேனேஜர்: ...கதவைச் சாத்து.

எட்டாம் நம்பர்: சாத்திட்டேன்.

மேனேஜர்: உக்காரு. ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. வெயிலுக்கு விப்பேன்னு சொன்னியே... நல்ல பதில்தான் அது. காலையிலயே நல்ல பதில்தான். நாளைக்கு வந்து வேலையில சேர்ந்துக்க.

எட்டாம் நம்பர்: ரொம்ப நன்றி சார். ஒண்ணு மட்டும் புரியல. நான் மாமான்னு கூப்பிட்டதும் ஏன் சார் இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னீங்க? சின்ன முதலாளி உங்களை அப்படிக் கூப்பிட்டதே இல்லையா?

மேனேஜர்: முதலாளியம்மாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது.