துணையணுக்களை ஆராய்ந்த டாக்டர் ஜெபமணி அவர்களிடம் கேட்கும் ஒரு வரி

மூளையின் நுட்பம் முற்றும் கற்ற பெருந்தகையே! இருபத்தாறு ஆண்டுகள் பரிசோதனைச் சாலையையே வீடாகக் கொண்ட பேரறிவாளரே! வணக்கம்.

நீங்கள் ஓய்வு பெறும் இவ்விழாவில் வாசித்து அளிக்க, ஊழியர்களில் மூத்தவன் என்பதால் தலைமைக் கம்பவுண்டரான என்னை இம்மடலை எழுதச் சொன்னார்கள். ஒரு நாளும் பிந்தி வந்தவரல்லர் நீங்கள். காலராக் காலத்தில் மண்டைக்காட்டுக் கடற்கரையில் குடிசை குடிசையாகக் கால் கடுக்க நடந்தீர்கள். பாராட்டில் நான் குறைவைக்க மாட்டேன்.

ஆனால் என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கவும் மாட்டேன். பள்ளி ஆசிரியன் வைகுண்டராஜன் நாற்பத்தெட்டு வயதில் பெற்ற மகளின் பெயரை மறந்தான்; நடை தள்ளாடியது. "ஏலே, வாத்தியாரு மூளையக் கள்ளுல கரைச்சிட்டாரு பாத்துக்கோ" என்று இரணியல் சந்தையில் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கள்ளைத் தொட்டவர் கிடையாது.

அவன் இறந்தபோது, மூளையை எடுத்துப் பார்த்தால் நோயைச் சொல்லலாம் என்றீர்கள். உடலைப் பழுதின்றி வடக்கு நோக்கி அமர்த்தி அடக்கம் செய்பவர்கள் நாங்கள். இருந்தும் இசைந்தேன். மண்டையில் போட்ட தையல் வெளியே தெரியாதபடி அவனுக்குத் தலைப்பாகை கட்டியவன் நான். என் வீட்டார் இதை இன்றுதான் அறிவார்கள்.

ஒரு மாதம் கழித்து நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து சொன்னீர்கள்: "அண்ணாச்சி, நரம்பணுவுக்குச் சோறு ஊட்டி, குப்பை அள்ளி, காவல் நிக்கிய துணையணு உண்டுல்லா, அதுதான் வீங்கிப் பெருகிக் கிடக்கு. காவல்காரனே கெடுத்தானா, கெட்டதப் பாத்து ஓடிவந்தானா, எனக்குத் தெரியல்ல."

"கள்ளுதான் காரணமா?" என்றேன்.

"இல்லவே இல்ல."

"அப்பம் அத எழுதித் தாருங்க."

"காரணம் முழுசும் தெரியட்டும், அண்ணாச்சி."

நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த அணுக்களின் படத்தோடு சீமைப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினீர்கள். காரணம் தெரியவில்லை என்று அதில் எழுத உங்களுக்குத் தயக்கமில்லை. எங்களுக்கு எழுதித் தரத்தான் உங்களுக்குக் கை வரவில்லை. தம்பி மகள் செல்லத்தாயைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும், குடிகாரன் மகள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டார் காப்பியைக்கூடத் தொடவில்லை.

ஐயா, நோயின்றி, நினைவு மங்காமல் நூறாண்டு வாழ்க! இம்மடலின் அடியில் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். வைகுண்டராஜன் குடியால் சாகவில்லை என்று இந்தச் சபை பார்க்க உங்கள் கையால் எழுதி ஒப்பமிடுங்கள். அதன் பிறகு மடலுக்குச் சட்டமிட்டுக் கண்ணாடி போட்டால் போதும் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

பாராட்டில் ஊழியர் அனைவரோடும்,
கேட்பதில் தனியாகவும்,

நாராயணபெருமாள்
தலைமைக் கம்பவுண்டர்
நாகர்கோவில்
கொல்லம் 1129, சித்திரை