துவைக்காத சட்டை

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வேலை முடிந்து பேருந்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

மூத்தவர் கேட்டார்: “ஏங் கண்ணு, எம்மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். பொறந்த கொழந்தைக்கு மொதல்ல பழைய துணிதான் போடோணும். உம்பையன் போட்ட சட்டை ஏதாச்சும் இருக்குதா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா. ஆனா துவைக்கல.”

“துவைக்கலயா? அவனுக்கு ஏழு வயசாச்சே!”

“ஆறு மாசப் பிள்ளையா அவன சங்கரன்கோவில்ல மாமியார்கிட்ட விட்டுட்டு வேலைக்கு வந்தேன்ல, அன்னைக்குப் போட்டிருந்த சட்டை. வாசம் போயிருமேன்னு தண்ணியில நனைக்கவே இல்ல.”



“அப்ப வேண்டாங் கண்ணு. நீயே வெச்சுக்கோ.”

“இல்லக்கா. இப்பல்லாம் மோந்து பாத்தா தகரப்பெட்டி வாசந்தான் வருது. நாளைக்குத் துவைச்சுக் கொண்டாரேன்.”