கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வரி

ஐயா, முதலில் இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். பதினோரு வருடம் சர்வர் அறைக் குளிரில் உட்கார்ந்து என் தோள்பட்டை ஒரு வழியாகிவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவு என்றால் நானும் அந்தத் தம்பியும்தான். கூடப் பிறக்காத தம்பி. என் சாப்பாட்டு டப்பாவை எனக்கு முன்னால் அவன்தான் திறப்பான். சர்வரில் கை வைக்கிறோம் என்றால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செய்யப்போவதை அவன் வரி வரியாக வாய்விட்டுச் சொல்வான். நான் செய்முறைத் தாளில் சரிபார்த்து ‘சரி’ என்பேன். பிறகுதான் தட்டுவான். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட சர்வர் படுத்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிரிண்டரில் ஒரு கடிதம் கிடந்தது. நிர்வாகத்துக்கு அவன் எழுதியது. ‘இந்தப் பிரிவுக்கு இனி ஒருவர் போதும்’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? அன்று மதியமும் வந்து டப்பாவைத் திறந்தான்.

“உப்பு தூக்கலா இருக்கேக்கா, யார் மேல கோவம்?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

வியாழன் காலை கெர்னல் மாற்ற வேண்டியிருந்தது. சர்வரை எழுப்பி நடக்கவைப்பதே கெர்னல்தான். புதியது எழும்பாவிட்டால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே என்று பழையதையும் அழிக்காமல் வைத்திருப்போம். அன்று வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியைத் தாண்டிவிட்டான். அதைச் செய்யாவிட்டால் புதிய கெர்னலுக்குத் தன் டிஸ்க் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தாளில் அந்த வரி என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. ‘சரி’ என்றேன்.

“இடம் பத்தலக்கா. பழைய கெர்னலத் தூக்கிடட்டுமா?”

“சரி.”

சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டான். டிஸ்க்கைக் காணோம் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, எங்க தப்பு பண்ணேன்?”

“பதறாதடா. மெமரியக் கழட்டி மாட்டிப் பாரு.”

மாட்டினான். கேபிளைப் பார் என்றேன், பார்த்தான். எல்லாம் பார்க்க வேண்டியவைதான் ஐயா, பொய் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சர்வரை எழுப்பவென்று ஒரு பென் டிரைவ் வைத்திருந்தோம். டிராயரையே கவிழ்த்துத் தேடினான். அது என் கைப்பையில் இருந்தது.

அப்போது ரத்த வங்கியிலிருந்து போன். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எந்த ரத்தப் பை பொருந்தும் என்ற விவரமெல்லாம் சர்வரில்.

“மேடம், லேட்டாகும்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க கையாலயே டெஸ்ட் பண்ணிக்கிறோம்.”

“பத்தே நிமிஷம்மா.”

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பத்து நிமிடம் என்றுதான் சொன்னேன். நான்காவது தடவை போன் வரவில்லை.

பிறகு பென் டிரைவைச் செருகினேன். ஆறு நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. மேலதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா என்னம்மா ஆகியிருக்கும்” என்றார். அந்தப் பெண்ணைப் பறிகொடுத்த புருஷன் நடைபாதையில் வைத்துத் தம்பியின் சட்டையைப் பிடித்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

இப்போது நீங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை என் முன்னால் வைக்கிறீர்கள். ‘அந்த ஒருவர் அக்காவாகவே இருக்கட்டும். இந்த வயதில் அவர் வேறு எங்கே போவார்? நான் வெளியே வேலை தேடிக்கொள்கிறேன்.’ படித்தேன் ஐயா. கீழே இருப்பது அவன் கையெழுத்துதான்.

இரண்டு ‘சரி’யும் நான் சொன்னதுதான், அந்தப் பத்து நிமிடமும் நான் சொன்னதுதான். ரத்தம் நிற்காத பெண் காத்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பதினோரு வருடம் என் டப்பாவில் சாப்பிட்டவன், போகப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா? அப்படியானால் துரோகம் செய்தது யார்?